இருபத்தேழாம் வால்வு

அத்தியாயம் ஒன்பது

புதன்கிழமை காலை ஏழு மணிக்கே மேபல் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கத் தயாராகிவிட்டாள்.

மழை இல்லை, வெயிலும் இன்னும் ஏறவில்லை. ஆனால் இன்று தெருவில் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய ஒழுங்கை பெரிய வீதியில் சேரும் இடத்தை இன்று தோண்டப் போகிறார்கள். தோண்டச் சொன்னவள் அவளுடைய சொந்த மகள் செலீன்.

"மம்மி, நீங்கள் வரத் தேவையில்லை," என்றாள் செலீன், தேநீரை நின்றபடியே குடித்துக்கொண்டு.

"ஏன், நான் வந்தா உன்ர கொம்பியூட்டருக்கு வெக்கமோ?"

மகள் தோற்க வேண்டுமென்று மேபல் நினைக்கவில்லை. எந்தத் தாய் நினைப்பாள்? ஆனால் பிழை வீதிக்கு அடியில்தான் இருக்கிறது என்று காட்டி மகள் வென்றால் கீழ்வீட்டு லுத்பியாவும் சேர்ந்து வெல்வாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

போன வாரம் நடந்தது ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். மேல்வீட்டுக் குழாயில் பகல் நேரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராததற்கு, குழாயிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் கீழ்வீட்டு மோட்டர்தான் காரணம் என்று மேபல் வாசலில் நின்று சத்தம் போட்டாள். போட்டதோடு நிற்காமல், நீர் வழங்கல் அலுவலகத்துக்கு எழுத்தில் முறைப்பாடும் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்து பார்ப்பார்கள். மோட்டர் இருந்தால் கீழ்வீட்டு இணைப்பை வெட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் மூத்த மகள் ஸமீமாவின் நிக்காஹ். முந்நூறு பேருக்குச் சமையல்.

முறைப்பாடு போய்ச் சேர்ந்த அதே அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், திட்டமிடல் பகுதியில் பொறியியலாளராக இருப்பவள் செலீன். கடிதத்தின் அடியில் தன் தாயின் கையெழுத்தைக் கண்டபோது அவளுக்கு நிலம் விலகியது போலிருந்தது.

"ஆறு வருசம் வாளி தூக்கினது நான்," என்றாள் மேபல் இப்போது. "உன்ர படத்தில நீலமும் சிவப்பும் ஓடுது. என்ர பைப்பில ஒண்டும் ஓடேல்லை."

சாய்மனைக் கதிரையில் இருந்த அவள் கணவர் றேமண்ட் பத்திரிகையைத் தாழ்த்தினார். துறைமுகத்தில் முப்பத்துநாலு வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சண்டையென்றால் பத்திரிகைக்குப் பின்னால் போய்விடுவது அவர் பழக்கம்.

"நான் இஞ்ச நிண்டு பைப்பைப் பாத்துக்கொள்ளுறன்," என்றார். "திறந்து விட்டிட்டு இருக்கிறன். தண்ணி வந்தாச் சத்தம் போடுவன்."

"வந்தால்தானே!" என்று சொல்லிவிட்டு மேபல் குடையோடு இறங்கினாள்.

*

செலீனுடைய கணினிக்குள் ஒரு கொட்டாஞ்சேனை இருந்தது.

அதற்கு வீடுகள் இல்லை, கோயில்கள் இல்லை, மீன் சந்தை இல்லை. குழாய்கள் மட்டும் இருந்தன. நிலத்துக்கு அடியில் ஓடும் ஒவ்வொரு குழாயும் ஒரு கோடு. குழாய்கள் சேரும் ஒவ்வொரு இடமும் ஒரு புள்ளி. இந்தக் குழாய் எத்தனை அங்குலம், எவ்வளவு நீளம், உள்ளே எவ்வளவு துருப் பிடித்திருக்கும், இந்தப் புள்ளி கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், இங்கே காலை ஆறு மணிக்கு எத்தனை பேர் குளிப்பார்கள் என்று எட்டு மாதமாக ஒவ்வொன்றாக அவள் உள்ளே கொடுத்தாள். கடைசியில் ஒரு விசையைத் தட்டினால், இருபத்துநாலு மணித்தியாலத் தண்ணீர் அரை நிமிடத்தில் ஓடி முடியும். அமுக்கம் நன்றாக இருக்கும் இடம் நீலம். குறைந்த இடம் சிவப்பு.

அலுவலகத்தில் சிலர் அதை 'செலீன் மிஸ்ஸின் கேம்' என்றார்கள்.

சிக்கல் என்னவென்றால், கணினியில் அவர்களுடைய ஒழுங்கை நல்ல நீலமாக இருந்தது. தண்ணீர் பதினாலு மீற்றர் உயரத்துக்கு ஏற வேண்டும் என்றது அது. இரண்டாம் தட்டுக்கு அது தாராளம். ஆனால் ஒழுங்கைக் குழாயில் பூட்டிய, அமுக்கத்தை அளக்கும் கேஜ் பகல் முழுவதும் மூன்று மீற்றருக்கு மேல் அசையவில்லை.

முதலில் அவளும் மோட்டரைத்தான் சந்தேகித்தாள். கணினிக்குள் லுத்பியா வீட்டில் ஒரு மோட்டரை வைத்து ஓட்டிப் பார்த்தாள். இரண்டு வீட்டில் கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான். ஒழுங்கையின் இருபது வீட்டிலும் மோட்டர் வைத்து ஓட்டினாள். அப்போதும் கேஜ் காட்டிய எண் வரவில்லை. அதோடு, ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றிருந்தது. அந்த நேரத்திலும் கேஜ் அதே மூன்றில்தான் நின்றது. மின்சாரம் இல்லாமல் எந்த மோட்டர் ஓடும்?

பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. எங்கேயோ ஒரு வால்வு மூடிக் கிடந்தால்?

அந்தப் பகுதியில் நாற்பத்தொரு வால்வுகள். ஒவ்வொன்றாகக் கணினியில் மூடினாள், ஓட்டினாள், ஒன்பது இடத்தில் பூட்டிய ஒன்பது கேஜ்களின் எண்களோடு ஒப்பிட்டாள். ஒன்றும் பொருந்தவில்லை. இருபத்தேழாம் வால்வை ஒரு விரல் இடைவெளி மட்டும் விட்டு மூடியபோது, ஒன்பது எண்களும் அடுத்தடுத்து வந்து பொருந்தின. அவள் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, தனியாக அந்த அறையில் இரண்டு கையையும் தட்டினாள்.

பிரதம பொறியியலாளர் ஜயவீர கைதட்டவில்லை. பெரிய பம்ப் ஒன்று வாங்கும் கடிதம் அவருடைய மேசையில் கிடந்தது.

"ஒரு நாள் தாறேன் செலீன்," என்றார். "நாலு மணிக்கு ரோட் மூடியிருக்க வேணும். வால்வு இல்லாட்டி இந்தக் கேமை நிப்பாட்டுவம். பம்ப் வாங்குவம்."

*

பழைய வரைபடத்தில் இருபத்தேழாம் வால்வு தெளிவாக இருந்தது: நடைபாதைக் கல்லிலிருந்து எட்டு அடி.

வேலையாட்களின் தலைவர் பௌஸி எட்டு அடியை அளந்து, சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார். எட்டரை மணிக்குத் தார் உடைந்தது. பத்து மணிக்குள் குழி இடுப்பளவு ஆழமானது.

பத்தரைக்குக் கடப்பாரை குழாயில் பட்டது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒழுங்கைக்குள் போகும் குழாய்தான். கறுத்த, தடித்த, வால்வு எதுவும் இல்லாத வெறும் குழாய்.

"மேப்ல ஈக்கிது மிஸ்," என்றார் பௌஸி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "ரோட்டுலதான் இல்ல."

கூட்டம் சேர்ந்துவிட்டது. பஸ்கள் ஒருபக்கமாக ஊர்ந்தன. சாரதிகள் ஹோர்ன் அடித்தார்கள். பேக்கரி வாசலில் நின்ற ஒருவர், "கொம்பியூட்டரில் போட்டுத் தோண்டுறதுதானே, ரோட்டை ஏன் தோண்டுறீங்கள்?" என்று கேட்க, நாலு பேர் சிரித்தார்கள்.

மேபல் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "ஏன் சிரிக்கிறியள்? எட்டு மாசம் நித்திரை முழிச்சுச் செய்த வேலை. உங்களுக்கு ஒரு கோடு கீறத் தெரியுமோ?"

அவர் உள்ளே போய்விட்டார். செலீன் தாயை வியப்போடு பார்த்தாள். மேபல் குடையைச் சரி செய்துகொண்டு வேறெங்கோ பார்த்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ஜயவீர தொலைபேசியில் கேட்டார். இன்னும் இல்லை என்றாள் செலீன். மண் ஒட்டிய வரைபடத்தை அவள் பத்தாவது தடவையாக விரித்தாள். குழாய் சரியாக இருக்கிறது. தூரம் சரியாக இருக்கிறது. பிறகு எது பிழை?

"செலீன் மகள்."

கூட்டம் விலகியது. லுத்பியா முக்காட்டைப் பிடித்தபடி முன்னால் வந்தாள். காலை முழுவதும் கீழ்வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றவள். மேபலின் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

"எதுல இருந்து அளந்தீங்க?"

"இந்தக் கல்லிலயிருந்து ஆன்ட்டி. நடைபாதைக் கல்."

"இது புதுக் கல்லு மகள். ரோட்டப் பெருசாக்கினப்ப வெச்சது. பழைய கல்லு இங்கன ஈந்திச்சு." லுத்பியா வீதிக்குள் இரண்டு மூன்று எட்டு வைத்து நின்றாள். "எனக்கு மறக்காது. ஸமீமா வயித்துல ஈக்கக்குள்ள இந்தக் கல்லுலதான் கால் தடுக்கி விழுந்தன்."

செலீன் சுற்றிலும் பார்த்தாள். "வேற ஆருக்கும் ஞாபகம் இருக்கோ? பழைய கல் எங்க இருந்தது எண்டு?"

சிலர் இங்கே என்றும் சிலர் அங்கே என்றும் கையைக் காட்டினார்கள்.

மேபல் குடையை மடக்கினாள்.

"அவ சொல்லுறது சரி," என்றாள். "அந்த இடம்தான். விழுந்த உடன அவவைத் தூக்கினது நான். டாக்சி பிடிச்சு ஆஸ்பத்திரிக்கும் நான்தான் கொண்டுபோனனான்."

ஆறு வருடத்தில் முதல் தடவையாக லுத்பியா அவள் முகத்தைப் பார்த்தாள். மேபல் நிலத்தைப் பார்த்தாள்.

பௌஸி பழைய கல் இருந்த இடத்திலிருந்து மீண்டும் எட்டு அடி அளந்தார். சுண்ணாம்பு வட்டம் இம்முறை வீதியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. பஸ்களை மறித்துத் திருப்பவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது.

*

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கடப்பாரை 'ணங்' என்றது.

தாருக்கு நாலு அங்குலம் கீழே வட்டமான இரும்பு மூடி ஒன்று கிடந்தது. பௌஸி மண்டியிட்டுக் கையால் மண்ணைத் தள்ளினார். மூடியைத் தூக்கியபோது, அடியில், துருப்பிடித்த வால்வின் தலை தெரிந்தது.

"அல்லாஹ்!" என்றார் பௌஸி. "மிஸ், ஈக்கிது! ஈக்கிதே!"

கணினித் திரையில் ஒரு சிறு முக்கோணமாக அவள் எட்டு மாதம் பார்த்த ஒன்று, உண்மையான இரும்பாக, உண்மையான சேற்றில் நின்றது.

வால்வைத் திருப்பும் ஆளுயரச் சாவியை இறக்கி, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துத் தள்ளினார்கள். அசையவில்லை. எண்ணெய் ஊற்றினார்கள். மூன்றாம் ஆளும் பிடித்தார். ஒரு முனகலோடு அது திரும்பியது.

"மெதுவா, மெதுவா," என்றாள் செலீன். "ஒரே அடியாத் திறந்தால் பழைய குழாய் வெடிக்கும்."

ஒரு சுற்று. இரண்டு. ஐந்து. பேக்கரிக்காரர் மறுபடியும் வெளியே வந்து எண்ணத் தொடங்கினார். பத்தாம் சுற்றில் கூட்டமும் சேர்ந்து எண்ணியது. நிலத்துக்கு அடியில் பெரிய மிருகம் ஒன்று மூச்சு விடுவது போலச் சத்தம் கேட்டது. இருபத்திரண்டாம் சுற்றில் சாவி நின்றது.

செலீன் ஒழுங்கைக்குள் ஓடினாள். கேஜின் முள் நாலு, ஏழு, பத்து என்று ஏறிக்கொண்டிருந்தது. பதின்மூன்றரையில் நின்று நடுங்கியது.

கணினி சொன்னது பதினாலு.

ஒழுங்கையின் கடைசி வீட்டிலிருந்து ஒரு சிங்களப் பெண் கையில் பாத்திரத்தோடு வெளியே ஓடிவந்து, "வத்துர எனவா! வத்துர எனவா!" என்று கத்தினாள். தண்ணீர் வருகிறது என்ற அந்தச் சத்தம் வீட்டுக்கு வீடு தாவியது. ஜன்னல்கள் திறந்தன. யாரோ ஒருவர் பட்டாசு கொளுத்திவிட்டார்.

அந்தச் சத்தத்தையெல்லாம் மீறி மேல்தட்டு பல்கனியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மேபல்! இஞ்ச ஓடி வாரும்! தண்ணி!"

"வருகுதோ?" என்று மேபல் கீழிருந்து கத்தினாள்.

"வருகுதோவோ? வீடு முழுக்க நிக்குது! பைப்பின்ர தலை கழண்டு போச்சு! மூடேலாமல் கிடக்கு!"

தண்ணீர் அதற்குள் படிக்கட்டால் இறங்கத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு படியிலும் ஒரு கணம் நின்று, வழிந்து, அடுத்த படிக்குத் தாவி, நேராக லுத்பியா வீட்டு வாசலுக்கு வந்தது.

*

பௌஸியின் ஆள் ஒருவர் ஓடிப்போய்க் குழாயை அடைத்தார். ஆனால் கீழ்வாசல் குளமாகிவிட்டது.

மேபல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு துணியோடு கீழே வந்தாள். லுத்பியா உள்ளிருந்து தண்ணீர் தள்ளத் தும்புத்தடியோடு வந்தாள். இருவரும் வாசற்படியில் எதிரெதிரே நின்றார்கள். பிறகு ஒருவர் தள்ள, ஒருவர் துடைக்க, ஒன்றும் பேசாமல் வேலை நடந்தது.

மேபல்தான் முதலில் நிமிர்ந்தாள்.

"நான் பிழையாக் கதைச்சுப் போட்டன் லுத்பியா. எல்லாரும் பாக்கக் கதைச்சனான். எல்லாரும் பாக்கவே சொல்லுறன். மன்னிச்சுக்கொள்ளும்."

லுத்பியாவின் கண் கலங்கியது. "மேபல் அக்கா, அந்த மோட்டர வித்து நாலு வருசம். உங்கட சத்தம் தாங்கேலாமத்தான் வித்தம்."

"நாலு வருசமோ? அப்ப நான் ஒவ்வொரு நாளும் கேட்ட சத்தம்?"

"அது எங்கட பழைய ஃபிரிட்ஜ் அக்கா."

மேபல் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு விரல்களுக்கு இடையால் வெளியே வந்துவிட்டது.

"நானும் ஒண்டு சொல்லவா?" என்றாள் லுத்பியா. "எங்களுக்கும் பகல்ல தண்ணி சரியா இல்ல. நீங்கதான் மேல பெரிய டாங்கி வெச்சு எடுக்கிறீங்க எண்டு நான் நெனச்சன். மகள் தண்ணி ஒபிஸ்ல வேலதானே."

அதைக் கேட்டு மேபல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரிக்கச் சிரிக்க லுத்பியாவும் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நனைந்த படியில் இருவருடைய சேலையும் ஈரமாவது இருவருக்கும் தெரியவில்லை. உள்ளே இருந்த ஸமீமா, மருதாணிக் கையோடு எட்டிப் பார்த்து, "உம்மாவுக்கு என்ன?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

"மகள்!" என்று மேபல் செலீனைக் கூப்பிட்டாள். "அந்த முறைப்பாட்டை நாளைக்கே கிழிச்சுப் போடு."

"கிழிக்கேலாது மம்மி. வாபஸ் வாங்குறன் எண்டு நீங்கள் எழுதித் தரோணும்."

"கொண்டா பேப்பரை. இப்பவே எழுதுறன்."

"ஞாயித்துக்கெழம மூணு பேரும் வரணும்," என்றாள் லுத்பியா. "வராட்டி நான் மேல வந்து இழுத்துக்கொண்டு போவன்."

வீதியில் பௌஸியின் ஆட்கள் குழியை மூடிக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ஜயவீர தானே காரில் வந்து இறங்கி, கேஜின் முன் குனிந்து முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"பம்ப் கடிதத்தை நான் அனுப்பேல்லை," என்றார் செலீனிடம். "வெள்ளவத்தைக்கும் இது போல ஒண்டு செய்ய எவ்வளவு காலம் வேணும்?"

"ஆறு மாசம் சேர்."

"இனி ஒருத்தரும் அதைக் கேம் எண்டு சொல்லமாட்டாங்க," என்றார். சொல்லிவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

*

செலீன் படிக்கட்டடிக்குத் திரும்பி வந்தபோது அவளுடைய தொலைபேசி ஒலித்தது. ஆவணப் பகுதியில் இருக்கும் கொன்ஸ்ரன்ஸ்.

"செலீன், காலையில் கேட்டீரே, அந்த வால்வை ஆர் மூடினது எண்டு. பழைய திருத்தப் புத்தகம் கிடைச்சிட்டுது."

"சொல்லும்."

"தொண்ணூற்றேழு, ஜூன் பன்னிரண்டு. ஆறு வருசத்துக்கு முந்தி. குழாய் வெடிச்சு ரோட்டில தண்ணி ஓடுது எண்டு ஒருத்தர் ரெலிபோன் பண்ணியிருக்கிறார். ஆட்கள் வந்து வால்வை மூடித் திருத்தியிருக்கினம். பிறகு குழாய் மெல்ல நிரம்பட்டும் எண்டு கொஞ்சம் மட்டும் திறந்திருக்கினம். முழுக்கத் திறந்ததுக்குக் கையெழுத்து இல்லை. அடுத்த நாள் ரோட்டுக்குத் தார் போட்டிருக்கினம் போல."

"ரெலிபோன் பண்ணினது ஆர்?"

கொன்ஸ்ரன்ஸ் பெயரை வாசித்தாள். தொலைபேசி இலக்கத்தையும் வாசித்தாள்.

செலீனுக்கு அந்த இலக்கம் மனப்பாடம். அவர்கள் வீட்டு இலக்கம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். படிக்கட்டின் மேல் முனையில், காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, துடைப்பத்தோடு றேமண்ட் நின்றார்.

"டடி," என்றாள் செலீன் மெல்ல, "தொண்ணூற்றேழு ஜூன் பன்னிரண்டாம் திகதி நீங்கள் எங்க இருந்தனீங்கள்?"

றேமண்ட் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருடைய முகம் மாறியது. அவர் மெதுவாகப் படியில் குந்தினார்.

"பஸ்சுக்கு நிண்டனான்," என்றார், கீழே மேபலுக்குக் கேட்காமல். "ரோட்டில தண்ணி பீறிட்டுது. நான்தானே வீட்டை ஓடிவந்து ரெலிபோன் பண்ணினனான். அவங்கள் குழாயைத் திருத்தின உடன பிளேன்ரீயும் ஊத்திக் குடுத்தனான். களைச்சுப் போனீங்கள், மிச்சத்தைப் பிறகு பாக்கலாம், இருந்து குடியுங்கோ எண்டு..." பாதியில் நிறுத்தினார். "மகள், நான் அவங்களை நல்லா உபசரிச்சிட்டனோ?"

செலீன் சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்தாள்.

கீழே மேபல் கடிதத்தை எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவோடு நிமிர்ந்தாள்.

"இஞ்ச பார் லுத்பியா, அந்த வால்வை அப்பிடியே விட்டிட்டுப் போகப் பண்ணின ஆள் மட்டும் என்ர கையில கிடைக்கட்டும். ஆறு வருசத்து வாளியையும் அவரைக் கொண்டே தூக்குவிப்பன்." பிறகு படிக்கட்டைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் அங்க என்ன குசுகுசுக்கிறியள்? ரெலிபோனில ஆள் ஆரெண்டு சொல்லிப்போட்டினமோ?"

றேமண்ட் மகளைப் பார்த்தார். மகள் தகப்பனைப் பார்த்தாள்.

மேபல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதற்படியில் காலை வைத்தாள்.